ஒரு கரண்டி உறை

மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் கிளினிக் நடக்கும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அன்றைக்கு மட்டும் அவர்களும் அங்கே பாயில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டாக வேண்டும். நான் மருத்துவமாது. குழந்தைகளின் நிறை பார்ப்பேன், ஊசி அட்டையைப் பார்ப்பேன், எல்லாம் முடிந்ததும் சுவரில் ஒரு படத்தை மாட்டிவிட்டுக் குடலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

நம் வயிற்றுக்குள் எண்ணி முடியாத அளவு கிருமிகள் இருக்கின்றன, அவற்றில் பல நமக்கு வேண்டியவை என்றதும் முன்வரிசையில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். தயிரில் அந்த நல்ல கிருமி இருக்கிறது என்பேன். வாழைப்பழம், வெங்காயம், கீரை, பருப்பு எல்லாம் அதற்குத் தீனி. கிருமியை உள்ளே அனுப்பிவிட்டுத் தீனி போடாமல் விட்டால் என்னவாகும் என்று கேட்பேன். “பட்டினி கெடந்து சாகும் மிஸ்” என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அடுத்து மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்லது எது கெட்டது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது நோயோடு சேர்த்து நல்ல கிருமியையும் அழித்துவிடும். இந்த இடம் வந்ததும் நான் படத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன். தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்த வரியை நான் நிமிர்ந்து நின்று சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி, குறுக்குப் பாதையில் ஏற வேண்டிய ஒரு தோட்டத்தில், சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயம் இருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். லயத்து வீடான எங்கள் காம்பிராவில் அம்மாவும் நானும் நாலு வயதுத் தம்பியும் இருந்தோம். பின்னால் கொட்டிலில் ஒரு செவலைப் பசு இருந்தது. வீட்டில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டால் சந்தேகமில்லாமல் அந்தச் செவலைக்குத்தான். அம்மா மலையிலிருந்து வரும்போது தலையில் அதற்குப் புல் இருக்கும். எங்களுக்கு என்ன கொண்டுவந்தாள் என்று கேட்டால் முறைப்பாள்.

அந்தப் பசுவும் எங்களுடையதில்லை. தோட்டத்துப் பால் சங்கம் ஏழு வீடுகளுக்குப் பசு கொடுத்திருந்தது. தினமும் சொன்ன அளவு பாலைச் சங்கத்தின் பால் சேர்க்கும் சென்டரில் ஊற்ற வேண்டும். அளவு குறைந்தாலோ பாலில் குறை வந்தாலோ பசுவை அவிழ்த்து வேறு வீட்டில் கட்டிவிடுவார்கள். அதனால் செவலை கறந்த பால் எங்கள் வாயில் பட்டது குறைவு. தேத்தண்ணி எப்போதும் வெறும் சாயம்தான், கடித்துக்கொள்ளக் கொஞ்சம் சீனி.

தயிர் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வழியாகத்தான் வரும். என்றைக்காவது பாத்திரத்தை வெந்நீரில் சரியாகக் கழுவவில்லை என்றோ, வாடை அடிக்கிறது என்றோ சென்டரில் பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்த பாலைத்தான் அம்மா காய்ச்சி உறை ஊற்றுவாள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தயிர் இருக்கிறது என்றால் அந்த வீட்டுப் பால் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே அம்மா முன்கதவைச் சாத்திவிட்டு எங்களுக்குத் தயிர் கொடுப்பாள். சத்தம் போடாமல் தின்னச் சொல்வாள். அவளுக்கு அது மானக்கேடு. எனக்கும் தம்பிக்கும் அதுதான் திருவிழா. சீனி போட்டுக் கலக்கி, சட்டியை விரலால் வழித்துத் தின்போம். பால் எப்போது திரும்பி வரும் என்று நான் ஆசையோடு காத்திருந்தது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பாள்.

அந்தத் தை மாதம் தம்பிக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். சளி விட்டது, வயிறு பிடித்துக்கொண்டது. எதைத் தின்றாலும் தண்ணீராகப் போனான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, ஓடித் திரிந்தவன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மறுத்தான். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நேர்ஸ் தமிழில் சொன்னாள்.

“மருந்து கெட்டதையும் கொன்னுருச்சு, வயித்துல இருந்த நல்லதையும் கொன்னுருச்சாம். உப்புக்கரைசல் விடாமக் குடுங்க. தயிரு குடுங்க, இல்லாட்டி யோகட். வாழப்பழம் குடுங்க. சரியாப் போயிரும்.”

திரும்பி வரும்போது டவுனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் அம்மா ஒரு யோகட் கப் வாங்கினாள். பஸ்ஸிலேயே தம்பிக்கு ஊட்டினாள். மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்ததை நான் நக்கினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த யோகட்டுக்குச் சம்பள நாள் வர வேண்டும். செவலை சினையாக இருந்தது. பால் வற்றிக்கொண்டே வந்து, சங்கத்து அளவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதில் ஒரு கோப்பையை எடுத்துத் தயிர் போட அம்மாவுக்குத் துணிவில்லை. கொட்டிலில் செவலையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அம்மா சும்மா நின்றதை நான் அன்று பார்த்தேன்.

நான் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் புத்திசாலித்தனமானதாகத் தெரிந்தது. பால் திரும்பி வந்தால் தயிர். ஆகவே பாலைத் திரும்பி வரச் செய்ய வேண்டும். முதல்நாள் மாலைப் பாலில் கொஞ்சம் உறை ஊற்றிவிட்டால் காலையில் புளித்திருக்கும். சென்டரில் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். தம்பிக்குச் சட்டி நிறையத் தயிர் கிடைக்கும். தம்பிக்கு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டியை வழிக்கப்போகிற விரல் யாருடையது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

உறைக்குத் தயிர் வேண்டுமே. அப்போது முழு லயத்திலும் தயிர் இருந்தது பக்கத்துக் காம்பிராப் பெரியம்மாவிடம் மட்டும்தான். அவள் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மா அவளை அக்கா என்பாள், அதனால் எனக்குப் பெரியம்மா. புருஷன் இல்லை. ஒரே மகளை றொசல்லப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அவளுடைய பசுவுக்கு மடிநோய் வந்து, மாட்டு டாக்டர் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட பாலைச் சென்டரில் எடுக்க மாட்டார்கள். அவர் சொன்ன நாட்கள் முடியும்வரை கறந்த பாலையெல்லாம் அவள் வாசலில் வாழை மரத்தடியில் ஊற்றினாள். நாட்கள் முடிந்த பிறகும் உடனே சென்டருக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு கிண்ணம் பாலில் உறை ஊற்றி வைத்துப் பார்த்தாள்.

மாலையில் நான் போய், அம்மா ஒரு கரண்டி உறை கேட்டாங்க என்று கூசாமல் பொய் சொன்னேன்.

“ஒங்கம்மாவா?” பெரியம்மா சிரித்தாள். “சொட்டுப் பாலு சிந்துனாக்கூட வழிச்சு ஊத்துறவ, தயிரு போடப் போறாளா? ஓ, தம்பிக்கா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் நீலப் பூப் போட்ட எனாமல் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தயிர் கட்டியாக உறைந்திருந்தது.

“பாத்தியா, வெட்டி எடுக்கலாம். உள்ள ஊசி மருந்து இருந்தா இப்புடி ஒறையாதுடி, பாலு பாலாவே கெடக்கும். எறங்கிருச்சு. நாளையிலருந்து சென்டருக்கு ஊத்தப் போறேன். இந்தா, கிண்ணத்தோட கொண்டு போ. ஒறைக்கு ஒரு கரண்டி போதும். மிச்சத்தத் தம்பிக்குக் குடு.”

நான் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அம்மா பார்த்தால் கேட்பாளே. கொட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தம்பியைக் கூப்பிட்டு நாலு வாய் ஊட்டினேன். அவன் இன்னும் வேண்டும் என்றான். போதும், வயிற்றுக்கு ஆகாது என்று பெரிய டாக்டர் மாதிரிச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு மிச்சத்தை நான் தின்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். அடியில் ஒரு கரண்டி மட்டும் விட்டுவைத்தேன்.

மாலைப் பால் எங்கள் குசினியில் ஒரு வாளிக்குள், துணியால் மூடி, குளிர்ந்த தண்ணீரில் வைக்கப்பட்டிருக்கும். அம்மா பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் துணியைத் தூக்கி அந்த ஒரு கரண்டியைப் போட்டு விரலால் கலக்கினேன். கிண்ணத்தைப் புல்லுக்கட்டுகளுக்கு அடியில் ஒளித்தேன்.

ஆனால் எங்கள் ஊர்க் குளிரை நான் யோசிக்கவில்லை. தை மாசியில் எங்கள் பக்கம் காலையில் தேயிலைச் செடி மேல் பனி வெள்ளையாக உறைந்திருக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்குக் காலையில் பால் புளிக்கவே இல்லை. அம்மா முகர்ந்து பார்த்தாள், காலைப் பாலோடு கலந்தாள், மலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் வாளியைக் கொடுத்து ஓடினாள். சென்டரில் பால் எடுக்கிறவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். எங்கள் தமிழையே எங்களைவிட வேகமாகப் பேசுவார். எல்லோருக்கும் அவர் பால் மாத்தயா. அவர் முகர்ந்தார், மீட்டரைப் போட்டுப் பார்த்தார், ஏழு வீட்டுப் பாலும் சேருகிற பெரிய கேனில் எங்கள் பாலையும் ஊற்றினார். எனக்குப் பின்னால் பெரியம்மா தன் வாளியோடு நின்றாள். அவளுக்கு மறுபடி பால் ஊற்றுகிற முதல் நாள் அது. தலையை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

என் வேலை பலிக்கவில்லை என்று ஏமாற்றத்தோடு பள்ளிக்கூடம் போனேன்.

மறுநாள் காலையில் சென்டர் வாசலில் அந்தக் கேன் திரும்பி வந்து நின்றது. லொறி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி அட்டனுக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கே சோதித்துப் பார்த்து எங்கள் கேனைத் தள்ளிவிட்டார்கள். “கிரி நரக் வெலா” என்று மாத்தயா எல்லோருக்கும் முன்னால் மூடியைத் திறந்தார். சிங்களம் தெரியாதவர்களுக்கும் வாடையே சொல்லிவிட்டது. ஏழு வீட்டுப் பாலையும் அவர் பக்கத்துத் தண்ணீர்க் கானில் கவிழ்த்தார். அது திப்பி திப்பியாகத் தேயிலைக்குள் ஓடியது. லயத்து நாய்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன.

“இன்னொரு தரம் இப்பிடி வந்தா இந்தத் தோட்டத்துப் பாலே வேணாமாம். யாரு வீட்டுப் பாலுன்னு நீங்களே கண்டுபுடிச்சு நிப்பாட்டுங்க” என்றார்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நோய்கண்ட மடி, ஊசி போட்ட மாடு, முதல் நாள் ஊற்றிய பால். அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் என் மனம் போட்ட கணக்கை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் பால் காலையில் புளிக்கவில்லை. மாத்தயா முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தார். அப்படியென்றால் என் உறை வேலை செய்யவில்லை. வேலை செய்யாத உறை கேனைக் கெடுத்திருக்க முடியாது. ஆகவே கெடுத்தது பெரியம்மாவின் பால். பத்து வயதில் இவ்வளவு நேர்த்தியாக என்னைத் தப்பவைத்துக்கொள்ள எங்கே கற்றேனோ. ஆனாலும் கிண்ணம் கிடந்த புல்லுக்கட்டுப் பக்கம் அன்று நான் போகவே இல்லை.

பெரியம்மா தன் மேல் குற்றமில்லை என்று நின்றாள். சங்கத்துத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஏழு வீட்டாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யட்டும், யார் மறுக்கிறார்களோ அவர்களுடைய பால்தான் என்று முடிவு சொன்னார். எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் வழக்கு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சொல்லில் பொய் இருந்தால் அம்மன் அந்த வீட்டில் ஒன்றைக் கேட்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை.

ஞாயிறு காலையில் ஒவ்வொரு பெண்ணாகப் போனார்கள். எங்கள் முறை வந்தது. அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினாள். நிற்கவே அவனுக்குத் தள்ளாடியது. இடது கையை அவன் தலையில் வைத்தாள்.

“எங்க பால்ல ஒரு குத்தமுமில்ல. எங்க வீட்டுல யாரு கையும் அதுல ஒண்ணும் கலக்கல. இது பொய்யின்னா, ஆத்தா, இந்தப் புள்ளைய நீயே எடுத்துக்க.”

வலது கையால் கற்பூரத்தை அடித்தாள்.

அம்மா, நில்லுங்க, நான் ஒரு கரண்டி கலந்தேன் என்று சொல்ல வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அம்மா என்னை அடிப்பாள், செவலையை அவிழ்த்துக்கொண்டு போவார்கள், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். தம்பி செத்துப்போவான் என்ற பயத்தைவிட எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்ற பயம் பெரிதாக இருந்தது. நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

கடைசியாகப் பெரியம்மா வந்தாள். கற்பூரத்துக்கு முன்னால் நின்று தலைவரைப் பார்த்தாள்.

“ஊசி மருந்து இருக்குற பாலு புளிக்காதுங்க. நான் ஒறை ஊத்திப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். தயிரு கட்டியா ஒறைஞ்சுச்சு.”

யாரோ சிரித்தார்கள். பால் புளிக்காதாம் என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

“அப்ப அந்தத் தயிரக் கொண்டாந்து காட்டும்மா, பாத்துருவோம்” என்றார் தலைவர்.

பெரியம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடியே அவளுடைய பார்வை கூட்டத்தைத் தாண்டித் தூணுக்கு வந்தது. என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை இன்னும் தம்பியின் தலையில்தான் இருந்தது.

“அது தீந்துபோச்சுங்க” என்றாள்.

“சரி, சத்தியத்தையாவது பண்ணு.”

“நான் பண்ணல.”

“ஏன்?”

“பண்ணல. எம் பாலுன்னே வச்சுக்கங்க.”

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. கூட்டம் ஒரு மாதிரியாக மூச்சுவிட்டுக் கலைந்தது. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வேறு எதுவும் வந்தது என்று சொன்னால் பொய். அவளே ஒத்துக்கொண்டாள். அப்படியானால் அம்மாவின் சத்தியம் பொய்யில்லை, தம்பிக்கு ஒன்றும் ஆகாது, நானும் குற்றவாளியில்லை.

அந்த வாரமே சங்கம் பெரியம்மாவின் பாலை நிறுத்தியது. அவளுடைய பசுவும் சினையாக இருந்ததால், கன்று ஈனும்வரை அவளிடம் இருக்கட்டும், பிறகு வேறு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்கள். சென்டருக்குப் போகாத பால் அவள் வீட்டில் மிஞ்சியது. பாலை நிறுத்திய அன்று மாலையே ஒரு மூடிபோட்ட சட்டியில் எங்கள் வீட்டுக்குத் தயிர் வந்தது. கூடவே இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழம், அவளுடைய வாசல் மரத்தில் பழுத்தது. தம்பிக்கு என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அம்மா முதலில் தொட மாட்டேன் என்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

“ஏழு வீட்டு வயித்துல அடிச்சவ, இப்பப் புண்ணியந் தேடுறா” என்றாள் என்னிடம்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தம்பிக்கு வயிறு மெல்ல மெல்லக் கட்டியது. பத்துப் பன்னிரண்டு நாளில் அவன் இடுப்பிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்தான்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது பயிற்சிக்காகக் கண்டியில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன். குடலைப் பற்றிய பாடம். விரிவுரையாளர் பேச்சோடு பேச்சாக, வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம் என்றார். கிருமிகொல்லி மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் சரியாக உறையாது, தயிர்க் கிருமி அந்த மருந்தில் செத்துப்போகும், பால்காரர்கள் இப்படித்தான் சோதிப்பார்கள் என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் பேனா நின்றுவிட்டது.

புளித்த கேனைக் காட்டி, மருந்து கலந்த பால் என்று பெரியம்மாவைப் பிடித்தோம். மருந்து இருந்திருந்தால் அது புளிக்காமல் இருக்கத்தான் உதவியிருக்கும். அவளுடைய பாலில் மருந்து இல்லை என்பதற்கு அந்தக் கிண்ணத்துத் தயிர்தான் ஒரே சாட்சி. அந்தச் சாட்சியை நான் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீனிகூடப் போடாமல் தின்றுவிட்டேன். ஒரு கரண்டியை மட்டும் மிச்சம் வைத்து, அதையும் கேனுக்குள் அனுப்பினேன். குளிரில் தூங்கிக் கிடந்த உறை லொறியின் வெயிலில் விழித்து வேலை செய்திருக்கிறது. தயிர் எங்கே என்று தலைவர் கேட்டபோதுதான் பெரியம்மாவுக்கு அது எங்கே போனது என்பது முழுதாக விளங்கியிருக்க வேண்டும். அவள் சத்தியம் செய்திருந்தால் ஏழு வீடும் சத்தியம் செய்ததாகும், ஒரு வீட்டுச் சத்தியம் பொய்யாகும். அது எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும். தள்ளாடி நிற்கிற ஒரு பிள்ளையின் தலையில் அந்த வீட்டின் கை இருந்தது.

வகுப்பு முடிந்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். ஊருக்குப் போனதும் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பசு போன பிறகு பெரியம்மா றொசல்லவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டிருந்தாள். அட்டனுக்கும் கண்டிக்கும் போய்வரும் ரயில் அங்கே நிற்கும். எத்தனையோ தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பிளாட்பாரத்தைப் பார்த்திருக்கிறேன். இறங்கியதில்லை. அடுத்த முறை, லீவு கிடைக்கும்போது, கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு என்று தள்ளிப்போட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பெரியம்மா இறந்துபோன செய்தி வந்தது. அம்மா சாவு வீட்டுக்குப் போனாள். எனக்குக் கிளினிக் இருக்கிறது என்று சொன்னேன். கிளினிக்கும் இருந்தது, அடுத்த நாள்.

திரும்பி வந்து அம்மா சொன்னாள்: “அந்தப் பால் விசயத்துல ஒரு தப்புப் பண்ணிப்புட்டா, மத்தபடி நல்ல மனுசி. எம் புள்ள உசுரோட இருக்குறது அவ தயிராலதான்.” இன்றைக்கும் அம்மா அப்படித்தான் நம்புகிறாள். அவளுடைய கை தம்பியின் தலையில் இருந்ததை நினைக்கும்போது எனக்கு உண்மையைச் சொல்ல நா எழுவதில்லை. தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவன் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி தேறிய பிறகு ஒருநாள் அம்மா பெரியம்மாவின் தயிர்ச் சட்டியைக் கழுவி என்னிடம் கொடுத்தனுப்பினாள். எங்கள் லயத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். அம்மா வேண்டுமென்றே வெறும் சட்டியாகக் கொடுத்தாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. புல்லுக்கட்டுக்கு அடியில் இன்னமும் கிடந்த நீலப் பூக் கிண்ணத்தைக் கழுவிச் சட்டிக்குள் வைத்து மூடிக் கொண்டுபோனேன். தொல்லை விட்டது என்று இருந்தது.

பெரியம்மா மூடியைத் திறந்தாள். கிண்ணத்தை வெளியே எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

“தம்பிக்கு வயிறு நின்னுருச்சா?”

“நின்னுருச்சு பெரியம்மா.”

“அப்ப சரி.”

அந்தக் கிண்ணத்திலேயே தயிர் போட்டு, மேலே சீனி தூவி, “தின்னுட்டுப் போ” என்று என்னிடம் நீட்டினாள். அவளுடைய வாசற்படியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை தின்றேன். கிண்ணத்தை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். தப்புச் செய்தவள் வீட்டில் உட்கார்ந்து, அதை முகத்தில் காட்டாமல், அவள் கொடுப்பதை வாங்கித் தின்கிறேனே, எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.